பூனையை விரும்பாதவர் எழுதிய பூனை வரலாறு

பேரரசுகளிடையே மூண்ட போர்களை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஒரு வீட்டில் அனைவரும் விரும்பும் ஒன்றை ஒருவர் மட்டும் வெறுப்பதால் எழும் சிறு பூசலை அவை பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் நம்மில் பலர் வாழ்நாளில் காணும் போர் இவ்வகையினதே ஆகும்.

தலைநகரில் அரசுக் குடியிருப்பிலுள்ள என் இல்லத்தில் இப்பூசல் நான்கு ஆண்டுகளாக நடந்து வருகிறது. என் துணைவியாரும் மக்கள் இருவரும் ஒரு பூனையைக் கண்ணெனப் போற்றுகின்றனர். எனக்கோ பூனை அருகில் வந்தாலே உடல் கூசும். மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பினால், என் பிரம்பு நாற்காலியில் அது முன்னரே துயில் கொண்டிருக்கும். "தூங்குவதை எழுப்பாதீர்கள், அப்பா" என்பாள் மகள். நான் முக்காலியில் அமர்வேன். அவ்வேளைகளில் எனக்கு ஆறுதலாக நிற்பவர், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற நாளில் அறிமுகமான ஜேம்ஸ் பாஸ்வெல் ஒருவரே.

நம் மரபில் பூனை

பாஸ்வெல்லைக் காணுமுன் நம் முன்னோர் பூனையை எவ்வாறு கண்டனர் என்பதைச் சிறிது நோக்குவோம். தொல்காப்பிய மரபியல், வெருகு எனப்படும் காட்டுப்பூனையின் இளமைப் பெயராகக் 'குட்டி' என்பதைக் கூறுகிறது. எலியின் இளமைக்கும் அதே பெயரை அந்நூல் வழங்குவது சுவையான செய்தி. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் வெருகு வரக் கண்டு அஞ்சிக் குஞ்சுகளைக் கூவியழைக்கும் மனைக்கோழியைக் காட்டுகிறார். மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் பூனையொன்று முன்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரிய, எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. பொய்த் தவத்துக்கு இதனினும் நயமான சித்திரம் வேண்டுமோ! எனினும், குட்டியைத் தானே கவ்விச் செல்லும் தாய்ப்பூனையைத் தென்கலை வைணவர் இறைவனின் அருளுக்கே உவமையாகக் கொண்டனர்.

ஆகவே பூனையை ஐயுறும் கண்ணும் போற்றும் கண்ணும் நம்மிடையே பண்டு தொட்டு இருந்துள்ளன. அவ்விரு கண்களும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்த காட்சியைப் பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டன் நமக்குத் தருகிறது.

ஜான்சன் இல்லம்

டாக்டர் சாமுவேல் ஜான்சன் (1709–1784) ஆங்கில மொழிக்கு 1755-இல் பேரகராதி அளித்தவர். 40,000-க்கும் மேற்பட்ட சொற்களை விளக்கிய அப்பெருமகனார், மனைவியை இழந்தபின் தம் இல்லத்தை ஆதரவற்றோர்க்குப் புகலிடமாக்கினார். பார்வையிழந்த புலவர் அன்னா வில்லியம்ஸ், ஏழைகளுக்கு மருத்துவம் செய்த ராபர்ட் லெவெட் முதலியோர் அங்கு வாழ்ந்தனர். ஜமைக்காத் தீவில் அடிமையாகப் பிறந்து, இளமையில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட பிரான்சிஸ் பார்பர் அங்குப் பணியாளராக இருந்தார். அவ்வீட்டின் செல்லப்பிள்ளை ஹாட்ஜ் என்னும் பூனை.

1763-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் ஒரு புத்தகக் கடையில் ஜான்சனை முதன்முதல் கண்ட ஸ்காட்லாந்து இளைஞர் பாஸ்வெல், பின்னர் அவ்வில்லத்துக்கு அடிக்கடி வந்து செல்லும் நண்பரானார். ஆனால் பூனை இருக்கும் அறையில் அவருக்கு அமைதி இராது. ஹாட்ஜினால் தாம் பட்ட துன்பத்தை அவரே ஒளியாது எழுதியுள்ளார்.

ஒருநாள் ஹாட்ஜ் ஜான்சனின் மார்பின்மீது ஏறுகிறது. அவர் புன்முறுவலுடன் மெல்லச் சீழ்க்கையடித்து அதன் முதுகைத் தடவுகிறார். வாலைப் பிடித்து இழுக்கிறார். எதிரில் இருந்த பாஸ்வெல், தம் மனக்கூச்சத்தை மறைத்து, அது நல்ல பூனை என்று பாராட்டுகிறார். இதனினும் தமக்கு விருப்பமான பூனைகள் இருந்தன என்கிறார் ஜான்சன். மறுகணமே ஹாட்ஜின் முகம் வாடியதாக அவருக்குத் தோன்றவே, இதுவும் மிக நல்ல பூனைதான் என்று திருத்திக் கொள்கிறார். பேரறிஞர் ஒருவர் பூனையின் மனம் நோகுமென்று அஞ்சிய இந்நிகழ்ச்சியை உலகுக்கு உரைத்தவர், அப்பூனையை விரும்பாதவர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. 1791-இல் வெளிவந்த ஜான்சன் வரலாற்றில் பாஸ்வெல் தம் வெறுப்பையும் மறைக்கவில்லை. பிறர் அன்பையும் குறைக்கவில்லை.

இரு சான்றுகள்

ஜான்சன் தாமே கடைக்குச் சென்று ஹாட்ஜுக்குக் கடற்சிப்பி வாங்கி வருவார். அந்நாளில் அது எளியோரும் உண்ட மலிவான உணவு. பணியாட்கள் இருக்க அவர் ஏன் செல்ல வேண்டும்? அத்தொல்லையால் பணியாட்கள் பூனையை வெறுத்துவிடலாகாது என்பதற்காக என்கிறார் பாஸ்வெல். ஜான்சனின் தோழியாகிய ஹெஸ்டர் பியோசி அம்மையார் 1786-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் வேறொரு காரணம் கூறுகிறார். நாற்கால் விலங்கொன்றுக்குத் தொண்டு செய்யத் தாம் ஏவப்பட்டோமே என்று பார்பரின் மனம் புண்படலாகாது என்பதே அது. ஒருவர் பூனையை எண்ணினார். மற்றவர் மனிதரை எண்ணினார். என் சிறு அறிவுக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன: தன் அன்பின் சுமையைப் பிறர் தோளில் ஏற்றாமையே அவ்விரண்டின் சாரம். ஜான்சன் தம் இறுதி முறியில் அந்தப் பார்பருக்கு ஆண்டுக்கு 70 பவுன் கிடைக்க வழி செய்தார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பியோசி அம்மையாரின் குறிப்பு என்னைத் தைத்ததற்குக் காரணம் உண்டு. நான் பணியில் சேர்ந்த புதிதில், மேலதிகாரி ஒருவர் தம் வீட்டு நாய்க்கு இறைச்சி வாங்கிவர எங்கள் பிரிவின் முதிய கடைநிலை ஊழியரை அனுப்புவது வழக்கம். வாய் திறவாது பையை எடுத்துச் செல்லும் அவர், திரும்பி வந்தபின் நெடுநேரம் எவர் முகத்தையும் நோக்கமாட்டார். நாங்களும் ஏதும் கேட்கவில்லை. அந்த நாய்மீது எனக்கு இன்றும் சினமில்லை.

நிற்க. சென்ற மார்கழிக் குளிரில் எங்கள் பூனை நோயுற்றுப் பாலையும் தொடவில்லை. சிறுமீன் கிடைத்தால் உண்ணும் என்றாள் மகள். பாத்திரம் துலக்கும் அம்மாளை அனுப்பலாம் என்று துணைவியார் கூறினார். அம்மூதாட்டி அப்போதுதான் கைகளைத் துடைத்துக்கொண்டு தம் வீடு செல்லப் புறப்பட்டார். நான் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஐ.என்.ஏ. சந்தைக்குப் பேருந்து ஏறினேன். வீட்டார் வியந்தனர். பூனைக்காகச் செல்லவில்லை என்பதை நான் விளக்கவில்லை.

பாட்டியும் அத்தையும் சூழ வளர்ந்தவர் நாம். உறவினர் முகம் ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் மட்டும் காணும் நம் பிள்ளைகள், இரண்டறை வீட்டில் ஒரு பூனையிடம் உறவு கொண்டாடுவதில் வியப்பில்லை. அதனைத் தடுக்க எனக்கு மனமில்லை; அதனை மடியில் வைத்துக் கொஞ்சவும் இயலவில்லை.

இலண்டனில் ஜான்சன் அகராதி தொகுத்த வீட்டின் எதிரே, 1997-ஆம் ஆண்டு ஹாட்ஜுக்கு வெண்கலச் சிலை எழுப்பினர். அகராதியின்மேல் அமர்ந்திருக்கும் அதன் அருகே சிப்பி ஓடுகள் கிடக்கின்றன. ஜான்சன் திருத்திச் சொன்ன அப்பாராட்டுரை அதன் பீடத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அச்சொற்களைக் காத்துத் தந்தவருக்குப் பூனை ஆகாது. ஒரு வீட்டின் அன்புக்கு, அதில் பங்குகொள்ள இயலாதவரும் நல்ல சாட்சியாக இருத்தல் கூடும். என் நாற்காலி இன்னும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இக்கட்டுரையை முக்காலியில் அமர்ந்தே எழுதி முடித்தேன்.