துவக்கை விண்வெளிக்குக் கொண்டுபோனால்...

கற்பிட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் ஐந்து பேர் கூடி 'ட்ரவலர்' விளையாடுகிறோம். 1977இல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு. உருவாக்கியவர் மார்க் மில்லர். பலகை, காய்கள் கட்டாயமில்லை. ஒவ்வொருவரும் ஒரு விண்வெளிப் பயணியாகப் பேசிக் கதையை நகர்த்துவார்கள். நடுவர் சூழ்நிலையைச் சொல்வார். இரண்டு பகடைகளை உருட்டி, திறமைக்குரிய புள்ளிகளையும் சேர்த்து 8 அல்லது அதற்கு மேல் வந்தால் எடுத்த காரியம் பலிக்கும்.

நடுவரான நான் ஆயுதப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது உம்மா எட்டிப் பார்த்தார். "என்ன மகன், துவக்கும் விளையாட்டுச் சாமானா?"

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் இந்தக் கரைக்கு வந்தவர் அவர். அன்றிரவு பட்டியலைக் கிழித்துவிட்டு, துவக்கைத் தூக்குபவர் அதற்குரிய விலையையும் கொடுக்கும்படி விதிகளை எழுதினேன். அடிப்படையாக எடுத்தது நம் நாட்டில் எல்லோரும் கேள்விப்பட்ட ரி-56.

ரவை: ஒரு மகசினில் 30 ரவைகள். நிமிடத்துக்குச் சுமார் 600 என்ற வேகத்தில் அது மூன்றே வினாடிகளில் காலியாகும். ஆகவே ரவைகளை எண்ணுங்கள். விண்கலத்தில் கடை இல்லை.

பின்னுதைப்பு: சுமார் 8 கிராம் ரவை வினாடிக்கு 700 மீற்றருக்கு மேல் பாய்கிறது. எடையற்ற நிலையில், உடையோடு 100 கிலோ உள்ளவரை ஒவ்வொரு வெடியும் வினாடிக்கு ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் வேகத்தில் பின்னே தள்ளும். பத்து வெடிக்கு அரை மீற்றருக்கு மேல். உடலும் சுழலத் தொடங்கும். எதையாவது பிடித்திராதவர் சுட்டால், தன்னை நிலைநிறுத்த மீண்டும் பகடை உருட்ட வேண்டும்.

சூடு: வெடிமருந்திலேயே ஒட்சிசன் அடங்கியிருப்பதால் துவக்கு வெற்றிடத்திலும் வெடிக்கும். ஆனால் குழலின் சூட்டைக் கொண்டுபோகக் காற்று இல்லை. தொடர்ந்து சுட்டால் அடுத்த சுற்றுக்கு ஆயுதம் உதவாது. ஜேர்மனியின் ஜி11 ரைபிள் இதற்கு நல்ல பாடம். அதன் ரவைக்குப் பித்தளைக் கோது கிடையாது, பாரம் குறைந்தது. ஆனால் கோதோடு வெளியேற வேண்டிய சூடு உள்ளே தங்கி, ஆரம்ப மாதிரிகளில் ரவைகள் தாமாகவே வெடித்தன. புதிய ஆயுதம் கற்பனை செய்யும்போது இப்படி ஒரு புதிய குறையையும் சேர்த்தே எழுதுங்கள்.

பராமரிப்பு: உப்புக் காற்று இரும்பைத் தின்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெற்றிடத்தில் துரு பிடிக்காது. ஆனால் சாதாரண எண்ணெய் ஆவியாகிப் பாகங்கள் இறுகும். துடைக்காத துவக்குக்குப் பகடையில் ஒரு புள்ளி குறையுங்கள்.

காயம்: இங்கு எதையும் மாற்றவில்லை. ட்ரவலரில் 'உயிர்ப் புள்ளி' என்று தனியாக இல்லை. அடிபட்டால் பலம், சுறுசுறுப்பு, தாங்குதிறன் ஆகியவையே குறையும். மூன்றும் பூச்சியமானால் மரணம்.

எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுடுபட்டவன்ட வீட்டாக்கள் என்ன ஆனாங்க?" என்றார்.

அதுவே எங்கள் கடைசி விதி. யாராவது சுடப்பட்டால், அவருடைய வீட்டில் அடுத்த நாள் என்ன நடந்தது என்று நடுவர் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த பகடை.