தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்பினால் ஹாலந்து!

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலை. முன்பு 5ஆம் எண். 2010இல் எண்களையெல்லாம் மாற்றியபோது 16 ஆகிவிட்டது. காரனோடை, தச்சூர், கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று நீளும் இந்த ரோட்டில் கண்ணில் படுவதெல்லாம் சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களும் இரும்பு ஏற்றிய டிரெய்லர் லாரிகளும்தான். ஆனால் அவ்வப்போது இவற்றுக்கு நடுவே வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு வாடகைக் கார் தச்சூர் கூட்டு ரோட்டில் கிழக்கே திரும்பி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகும். பாதிப் பேர் பூநாரைகளைப் பார்க்க வருகிறவர்கள். மீதிப் பேர்? நெதர்லாந்துக்காரர்கள் என்றால், பெரும்பாலும் கல்லறை பார்க்க!

நாம் தாஜ்மகாலுக்கும் அங்கோர்வாட்டுக்கும் போக ஆசைப்படுகிறோம். நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கே கடல் தாண்டி வந்து, குண்டும் குழியுமான ரோட்டில் காரில் குலுங்கிக்கொண்டு சிலர் வருகிறார்கள். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது?

கதை 1602இல் தொடங்குகிறது. அந்த ஆண்டுதான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவானது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். பொதுமக்களிடம் பங்கு விற்று முதல் திரட்டிய ஆரம்பகாலக் கம்பெனிகளில் மிகப் பெரியது இது. ஆம்ஸ்டர்டாமில் அந்தப் பங்குகளை வாங்கி விற்றதில்தான் இன்றைய பங்குச் சந்தையே பிறந்தது. கம்பெனிக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த மொலுக்கஸ் தீவுகளுக்குப் போனால் ஒரு சிக்கல்! அந்தத் தீவுக்காரர்களுக்கு ஐரோப்பியச் சரக்கில் பெரிய ஆர்வம் இல்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையில் நெய்த துணி. நம் ஊர்த் துணியைக் கொடுத்தால்தான் மிளகும் கிராம்பும் கிடைக்கும். அதனால்தான் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு அதிகாரி 1612இலேயே, சோழமண்டலக் கரை மொலுக்கஸின் இடது கை மாதிரி என்று எழுதி வைத்தார்.

1610இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் பண்டகசாலை போட்டார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியர்கள் சும்மா இருப்பார்களா? 1612இல் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடமே, 1613இல், கோட்டை எழுந்தது. பெயர் கெல்ட்ரியா. அங்கே தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்கெம் என்பவரின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அந்தப் பெயரையே கோட்டைக்கு வைத்துவிட்டார். உள்ளே துணி மூட்டைகள். ஆசியாவில் இருந்த டச்சுக் கப்பல்களுக்கும் கோட்டைகளுக்கும் வெடிமருந்து செய்த ஆலையும் இந்த ஊரில்தான் இருந்தது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். டச்சுக்காரர்கள் இங்கே இவ்வளவு பலமாக உட்கார்ந்துவிட்டதால் ஆங்கிலேயர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. முதலில் 1626இல் ஏரிக்கு வடக்கே துர்காராயப்பட்டினம் போனார்கள். அதுவும் சரிப்படவில்லை. 1639இல் தெற்கே ஒரு மணல் திட்டைப் பிடித்தார்கள். அதுதான் மதராஸ். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் இன்றைக்குச் சென்ட்ரல் ஸ்டேஷன் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

சரி, கல்லறைக்கு வருவோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கல்லறைத் தோட்டம் இது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றோடு மணற்கடிகாரம். 'உன் நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று உள்ளே வருகிறவனுக்குச் சொல்வது அந்தக் கால ஐரோப்பியர்களின் வழக்கம். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். சில கூம்பு மாதிரி உயரமானவை, சில குவிமாடம் வைத்தவை. கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் இன்றும் தெளிவாக இருக்கின்றன. ஒரு பலகையில் கெல்ட்ரியா கோட்டையின் உருவத்தையே செதுக்கியிருக்கிறார்கள். இது முக்கியம். ஏனென்றால் கோட்டை இப்போது இல்லை. ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது முள்செடி மண்டிய ஒரு மேடும் அகழியின் தடமும்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கோட்டை எங்கே என்று கேட்டால் ஒரு புதரைத்தான் காட்ட வேண்டும்!

தரங்கம்பாடியில் நிலைமை வேறு. அங்கே டேனிஷ் கோட்டையைப் புதுப்பிக்க டென்மார்க்கிலிருந்தே ஒரு சங்கம் வந்து உதவியது. பழைய வீடுகளைச் சீர்செய்தார்கள், ஊரே சுற்றுலா ஊராகிவிட்டது. பழவேற்காட்டுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. மீனும் இறாலும் பனையோலைப் பெட்டியும்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகின்றன.

ஆனால் கல்லறைப் பலகைகளில் இல்லாத ஒரு கணக்கும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பாதி பொய். பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி வாங்கியது. 1640களின் பஞ்சத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டார்கள். கம்பெனியின் பேரேட்டில் அவர்களும் சரக்குதான். எத்தனை உருப்படி, என்ன விலை, வழியில் எத்தனை சேதம்... அவ்வளவே. எலும்புக்கூடு செதுக்கிய அந்த வாசலுக்குள் இருப்பவை அதிகாரிகள், வியாபாரிகள், அவர்கள் மனைவி மக்களின் பெயர்கள். கப்பலேறியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

2022 டிசம்பரில் நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ரூட்டே அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் கேட்டார். அங்கே பேச்செல்லாம் பெரும்பாலும் சூரினாம், கரீபியன் தீவுகளைப் பற்றித்தான். சோழமண்டலக் கரை அந்தப் பேச்சில் அதிகம் வரவில்லை. நம் பாடப்புத்தகங்களில் மட்டும் வருகிறதா என்ன? 'டச்சுக்காரர்கள், பழவேற்காடு, 1610' என்று ஒரு மதிப்பெண் கேள்வியோடு முடிந்துவிடுகிறது.

1690இல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். ஊரின் வியாபாரம் படிப்படியாகச் சரிந்தது. 1824 ஒப்பந்தப்படி இந்தியாவில் இருந்ததையெல்லாம் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சுமத்ராவில் பெங்கூலனை வாங்கிக்கொண்டார்கள். பழவேற்காடு 1825இல் கைமாறியது. ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை.

பெயர் மட்டும் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'கைன் பெலிக்கட்' என்கிறார்கள். பெலிக்கட் என்பது பழவேற்காடுதான்! கோலாலம்பூரில் அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டு டீ குடிக்கிறவருக்கு இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி ஷிப்டுக்குப் பஸ்ஸில் போகிறவருக்கே அது தெரியாது.

ஒருகாலத்தில் மதராஸிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகேறியே பழவேற்காடு போனார்கள். 1960களின் புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்றுபோனது. இப்போது போக நினைக்கிறவர்கள் கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கலாம். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த கையோடு கோட்டை மேட்டுக்கும் போய்வாருங்கள். முள் குத்தும், செருப்பு நல்லதாக இருக்கட்டும்.