காணொளித் தரத்தைத் தானாக அளத்தல்

கேபிள், செயற்கைக்கோள், இணையம் வழியாக டிஜிட்டலாக வரும் படம் பார்ப்பவர் கண்ணுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைக் கணினியே எண்ணாகச் சொல்லும் முறை இது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017-இல் செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியபின், எடப்பாடி போன்ற ஊர்களிலும் கோளாறின் முகம் மாறியது. அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளிபுள்ளியாக இரையும். டிஜிட்டலில் கட்டங்கட்டமாக உடையும், அப்படியே நின்றுபோகும்.

முதல் அளவுகோல் மனிதக் கண்தான். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி.500 பரிந்துரை (1974) ஆட்களை உட்காரவைத்து, ஐந்து படிகளில் மதிப்பெண் வாங்கிச் சராசரி எடுக்கச் சொன்னது. இன்றும் இதுவே உரைகல். ஆனால் இரவும் பகலும் ஓடும் அத்தனை சேனல்களுக்கும் ஆள் உட்காரவைக்க முடியாது.

அதனால் பொறியாளர்கள் பி.எஸ்.என்.ஆர். கணக்கை நம்பினார்கள். மூலப்படத்துக்கும் வந்துசேர்ந்த படத்துக்கும் புள்ளிக்குப் புள்ளி உள்ள வேறுபாட்டை அது கூட்டிப் பார்க்கும். படம் முழுவதும் சற்றே வெளுத்தாலும், முகம் கட்டங்களாகச் சிதைந்தாலும் அதற்கு ஒரே மதிப்பெண் விழக்கூடும். கண் அப்படி ஏமாறாது. 1997-இல் உருவான காணொளித் தர வல்லுநர் குழு புதிய முறைகளைச் சோதித்து 2000-இல் அறிக்கை தந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இந்த எளிய கணக்கைத் தெளிவாக முந்தவில்லை. துறைக்கு அது பெரிய அடி.

திருப்பம் 2004-இல் வந்தது. சோ வாங், ஆலன் போவிக், ஹமீத் ஷேக், ஈரோ சிமோன்செல்லி ஆகியோரின் எஸ்.எஸ்.ஐ.எம். முறை, புள்ளிகளை விட்டுவிட்டுப் படத்தின் அமைப்பு குலைந்திருக்கிறதா என்று பார்த்தது. 2015-இல் அதற்கு எம்மி விருது கிடைத்தது. கல்பனா சேஷாத்ரிநாதனும் போவிக்கும் 2010-இல் வெளியிட்ட 'மூவி' குறியீடு அசைவையும் கணக்கில் சேர்த்தது. நெட்ஃபிளிக்ஸின் வி.மேஃப் (2016), பல அளவீடுகளை மனிதர் தந்த மதிப்பெண்களோடு பொருத்தி எந்திரத்துக்குக் கற்பித்தது.

இவையெல்லாம் மூலப்படம் கையில் இருந்தால்தான் நடக்கும். எடப்பாடி விசைத்தறிக்காரர் மாதிரித் துணியை அருகே வைத்து ஒப்பிடுவது போன்றது அது. வீட்டில் பார்ப்பவரிடம் ஏது மூலப்படம்? மாதிரியே இல்லாமல் துணியைத் தடவிக் குறை சொல்லும் கைதான் அங்கே வேண்டும். அனிஷ் மிட்டல், ராஜீவ் சௌந்தரராஜன், போவிக் மூவரும் 2013-இல் தந்த 'நிக்கி' முறை அத்தகையது: இயல்பான படங்களின் புள்ளியியல் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து விலகுவதை அளக்கும். மனித மதிப்பெண்களைக்கூட அது கேட்பதில்லை. இந்தத் துறையின் மிக நுட்பமான சிந்தனை இதுவே எனலாம்.

கைபேசிக் காலத்தில் படத்தின் தெளிவு மட்டும் போதவில்லை. தொலைத்தொடர்பு ஒன்றியம் 2016-இல் வகுத்த பி.1203 பரிந்துரை, படம் நடுவில் எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம் காக்கவைத்தது என்பதையும் மதிப்பெண்ணில் சேர்க்கிறது.