கல்யாணப் பந்தலில் ஒரு பொதுக்கூட்டம்

பழைய திருமண அழைப்பிதழ்களைக் கட்டிப் பரணில் வைத்திருக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. அந்தக் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்குச் சில அழைப்பிதழ்கள் தனித்துத் தெரியும். பிள்ளையார் சுழி, முகூர்த்த நேரம், லக்கினம் ஆகியவை அவற்றில் இரா. அவ்விடத்தில் வரவேற்புரை, தலைமை, வாழ்த்துரை, நன்றியுரை என்றொரு வரிசையும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் அச்சாகியிருக்கும். மணமக்களின் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால், அது உள்ளூர்ப் பொதுக்கூட்டம் ஒன்றின் துண்டறிக்கை போலவே இருக்கும். சுயமரியாதைத் திருமணத்தின் வரலாற்றைப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதில் எவையெல்லாம் நீக்கப்பட்டன என்பதையே பேசுகிறார்கள். புரோகிதர் நீக்கப்பட்டார், மந்திரம் நீக்கப்பட்டது, சடங்கு நீக்கப்பட்டது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை இருந்த இடத்தில் வந்து அமர்ந்தது எது? அரசியல் பொதுக்கூட்டம் வந்து அமர்ந்தது. இந்த மாற்றத்தின் பொருளையும், அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் இக்கட்டுரையில் பார்க்க விரும்புகிறோம்.

கூட்டத்திற்குப் போவதும் கல்யாணத்திற்குப் போவதும் இரு வேறு பயணங்கள். கூட்டத்திற்குப் போகிறவர் தம் விருப்பத்தால் போகிறார். பெரும்பாலும் அங்கு பேசப்படுவதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவராகவும் இருக்கிறார். கல்யாணத்திற்குப் போகிறவரின் நிலை அதுவன்று. அவர் கடமைக்காகப் போகிறார். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் தலையைக் காட்டாவிட்டால் நாளை நம் வீட்டு விசேஷத்திற்கு யார் வருவார்கள் என்ற கேள்வி அவரை வண்டியேற்றுகிறது. செய்த மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும்; தாய்மாமன் முறைக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். பேசப்போகும் கொள்கை அவருக்குப் பிடிக்காவிட்டாலும் அவர் வருவார். வந்தபின் சாப்பிடாமல் திரும்பவும் மாட்டார். ஒரு புதிய இயக்கத்திற்கு இதைவிட மதிப்புள்ள அவை வேறு எங்கு கிடைக்கும்?

‘குடி அரசு’ வார இதழ் 1925 மே மாதம் ஈரோட்டிலிருந்து வெளிவரத் தொடங்கியது. மூன்றாண்டுகள் கழித்து, 1928 மே 28 அன்று, அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில் பெரியார் ஈ.வெ. ராமசாமி நடத்தி வைத்த திருமணமே முதல் சுயமரியாதைத் திருமணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நகரத்தின் கல்விக்கூடங்களிலோ அரங்குகளிலோ தொடங்காமல், கரிசல் காட்டு ஊர் ஒன்றின் பந்தலில் இது தொடங்கியதை நாம் கவனிக்க வேண்டும். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ரயில் பாதை வந்ததே 1963-இல்தான். எனவே 1928-இல் அவ்வூருக்கு வந்து சேர்ந்தவர்கள், பேச்சாளரானாலும் உறவினரானாலும், கடைசித் தொலைவைச் சாலை வழியேதான் கடந்திருக்க வேண்டும். இத்தகைய ஊரில் ஒரு கொள்கைப் பேச்சுக்காக மட்டும் கூட்டம் சேர்ப்பது எளிதன்று. கல்யாணம் என்றால் அழைக்காமலே ஊர் கூடிவிடும்.

இதன் பிறகு ஒரு முறைமை உருவாயிற்று. தலைவரின் சுற்றுப்பயணத் தேதியைப் பார்த்துத் திருமணத் தேதியை வைத்தார்கள். பஞ்சாங்கம் பார்த்த இடத்தில் சுற்றுப்பயண நிரல் வந்தது. காலையில் திருமணம், மாலையில் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ பொதுக்கூட்டம் என்று ஒரே பயணத்தில் இரண்டும் நடந்தன. ஆடி மாதத்திலும் ராகு காலத்திலும் வேண்டுமென்றே நடத்தப்பட்ட திருமணங்கள் உண்டு. மேடையில் ஒருவர் தலைமையை முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார். மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வார்கள். பிறகு பேச்சு தொடங்கும். சடங்குகளின் பொருள் என்ன, பெண் ஏன் தானமாகக் கொடுக்கப்படுகிறாள், கடன் வாங்கிக் கல்யாணம் செய்வது ஏன் என்று அது நீளும். ‘வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம்’ என்ற பெயர் அழைப்பிதழ்களில் இடம்பெற்றது. திருக்குறளின் அதிகாரப் பெயர் ஒன்றோடு ‘ஒப்பந்தம்’ என்ற சட்டச்சொல்லை இணைத்து உண்டான அப்பெயரிலேயே வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் சமம்; முறிக்கவும் முடியும்.

இந்த அவையில் பெண்கள் இருந்தனர் என்பது எல்லாவற்றினும் முக்கியமானது. இரவு நேரத்துத் திடல் கூட்டங்களுக்குக் குடும்பப் பெண்கள் வருவது அக்காலத்தில் அரிது. கல்யாணத்திற்கு அவர்கள் வந்தே தீருவார்கள். மணப்பெண்ணின் தாய், அத்தை, பாட்டி முதலானோர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போதுதான் பெண்ணின் சொத்துரிமையும் கைம்பெண் மறுமணமும் பேசப்பட்டன. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை, மணவிலக்கு உரிமை, திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றியது. மாநாட்டுக்கு வந்தவர்கள் கேட்டதைக் கல்யாணப் பந்தல்கள் மாநாட்டுக்கு வராதவர்களிடம் கொண்டு சேர்த்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஈரோட்டில் குத்தூசி குருசாமிக்கும் குஞ்சிதத்திற்கும் நடந்த சாதி மறுப்புத் திருமணம் இயக்கத்தின் வரலாற்றில் பெரிதும் பேசப்பட்ட ஒன்று. குஞ்சிதம் பின்னாளில் இயக்கத்தின் பேச்சாளர்களுள் ஒருவராக விளங்கினார். எனினும் எல்லாத் திருமணங்களும் அத்தகையன அல்ல. புரோகிதரை விலக்கிய வீடுகளுள் பல, சாதிக்குள்ளேயே பெண் எடுத்தன. பந்தலில் பேசப்பட்டது முழுவதும் பந்தலிலேயே நடந்துவிடவில்லை.

கல்யாணமும் அரசியல் கூட்டமும் ஒன்றே என்பதை அன்றைய அரசும் புரிந்துகொண்டிருந்தது. இதற்கு 1933-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று சான்று. அவ்வாண்டு மே 11 அன்று பெரியாரின் துணைவியார் நாகம்மையார் காலமானார். மறுநாள் பெரியார் திருச்சியில் இருந்தார். அங்கே கிறித்தவ மணமக்களுக்குச் சுயமரியாதைத் திருமணம் நடப்பதாக இருந்தது. அதற்கு 144 தடை விதிக்கப்பட்டிருந்தது. தடையை மீறித் திருமணத்தை நடத்தி வைத்து அவர் கைதானார். வீட்டில் சாவு நேர்ந்தால் சுப காரியங்களுக்குப் போகலாகாது என்ற வழக்கமும், மாலை மாற்றுவதற்குத் தடை போட்ட அரசாணையும் ஒரே நாளில் மீறப்பட்டன. ஒரு கல்யாணத்தைக் கலைக்க 144 போடப்படுகிறது என்றால், அது கல்யாணம் மட்டுமன்று என்பதை அரசே எழுதிக் கொடுத்துவிட்டது என்றுதான் பொருள்.

ஆனால் பொதுக்கூட்டத்திற்கும் கல்யாணத்திற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கூட்டம் முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். கல்யாணம் முடிந்த பின்னர்தான் இருவருடைய வாழ்க்கை தொடங்குகிறது. பேச்சாளர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். மணமக்கள் அந்த மேடையின் விளைவோடு இருந்தாக வேண்டும். அந்த விளைவு சட்டத்தின் வடிவில் வந்தது. இந்துச் சட்டம் திருமணத்தைச் சாத்திரச் சடங்காலோ தொன்றுதொட்டு வரும் வழக்கத்தாலோதான் அறிந்திருந்தது. சுயமரியாதைத் திருமணத்தில் முதலாவது இல்லை. இயக்கமே புதிது என்பதால் இரண்டாவதும் இல்லை. 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் பற்றிய வழக்கில், அத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு எவர் தலையில் விழுந்தது என்பதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் வீட்டார் மனம் ஒத்திருந்தவரை எவருக்கும் எதுவும் நேராது. கணவன் இறந்தாலோ, மனம் மாறினாலோ, பங்காளிகள் பாகப் பிரிவினைக்கு நின்றாலோதான் கேள்வி எழும். அப்போது ஊரறிய, நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் மணந்துகொண்ட பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி ஆகமாட்டாள். அவள் பிள்ளைகளின் பங்கும் ஐயத்திற்கு உள்ளாகும். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று முழங்கிய மேடையே, அவளுக்கு இருந்த கொஞ்ச உரிமையையும் ஆட்டம் காண வைத்தது. இதைத் தெரிந்தே அவ்வீடுகள் அம்மேடையில் பெண்ணை அமர்த்தின. தலைவர்களின் சிறைவாசங்கள் வரலாற்றில் குறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் பெண்கள் ஏற்ற ஆபத்துக்கு அத்தகைய பதிவு குறைவு. சுயமரியாதை இயக்கத்தின் துணிவை அளக்க முற்படுபவர்கள் முதலில் இவர்களைத்தான் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

1955-இன் இந்துத் திருமணச் சட்டமும் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. அதுவும் வழக்கத்தில் உள்ள சடங்குகளையே கேட்டது. 1967-இல் ஆட்சிக்கு வந்த சி.என். அண்ணாதுரையின் அரசு, அவ்வாண்டிலேயே அச்சட்டத்திற்குச் சென்னை மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவு மிகச் சுருக்கமானது. ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்வது, அல்லது மாலை மாற்றிக்கொள்வது, அல்லது விரலில் மோதிரம் அணிவிப்பது, அல்லது தாலி கட்டுவது என இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். இந்த ‘அல்லது’ முதல் வரைவில் இல்லை என்றும், பெரியார் சொன்ன திருத்தத்தால் வந்தது என்றும் சொல்வதுண்டு. அந்தச் சிறு சொல்தான் தாலியைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. இதனினும் பெரிய செய்தி மற்றொன்று உண்டு. சட்டம் வருவதற்கு முன் இம்முறையில் நடந்த திருமணங்களும், அவை நடந்த நாளிலிருந்தே செல்லுபடியாகும் என்று அப்பிரிவு அறிவித்தது. முன்பே மேடையேறிய பெண்களுக்கு, பல பத்தாண்டுகள் கழித்து, சட்டம் எழுந்து நின்று வழிமொழிந்தது.

சட்டம் வந்த பிறகு ஆபத்து நீங்கிற்று; அதோடு பொருளும் சிறிது மாறிற்று. தலைவர் தேதிக்காகக் காத்திருக்கும் வழக்கம் நீடித்தது. ஆனால் பல மேடைகளில் பேச்சு சடங்குகளையும் பெண்ணையும் விட்டுத் தேர்தலுக்கும் கூட்டணிக்கும் போய்விட்டது. மணமக்கள் மாலையோடு வியர்த்துக்கொண்டிருக்க, மறுநாள் செய்தித்தாளுக்கான அறிவிப்பு வெளியாவதை நாம் பல முறை கண்டிருக்கிறோம். கல்யாணத்தை அரசியல் கூட்டமாக்கியவர்கள் அக்கூட்டத்தின் பொருளாக மணமக்களையே வைத்திருந்தார்கள். பின்வந்த மேடைகள் பலவற்றில் மணமக்கள் பின்புலத் திரையாகிவிட்டனர்.

இனி, அவை இல்லாத திருமணத்தின் கதை. சாதி மாறி மணப்பவர்கள் ஊரைக் கூட்ட முடியாது; கூட்டினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையோர் சிலர் வழக்கறிஞர்களின் அலுவலகங்களில் மாலை மாற்றிக்கொண்டார்கள். இப்படி மறைவாக நடப்பவை முறையான திருமணங்கள் ஆகா என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் கூறியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை ஏற்க மறுத்தது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சும் இருவரிடம் ஊரறிந்த அறிவிப்பைக் கட்டாயமாக்கினால் அவர்களின் உயிருக்கே கேடு வரலாம் என்பதை அது எடுத்துக்காட்டியது. வழக்கறிஞர் தம் தொழிலின் பேரால் திருமணம் நடத்தி வைக்கலாகாது. நண்பராகவோ உறவினராகவோ சாட்சி நிற்கலாம் என்றும் விளக்கியது.

7-அ பிரிவு, திருமணம் யார் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது: உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர். இங்கும் ஓர் ‘அல்லது’. உறவு என்ற கயிற்றால் ஊரைக் கட்டி இழுத்து வந்து, பந்தலில் உட்கார வைத்து, பெண்ணும் ஆணும் சமம் என்று கேட்க வைத்தது ஒரு காலம். அந்த உறவே துரத்தி வரும்போது முன்பின் அறியாத இருவர் சாட்சிக்கு நின்றாலும் போதும் என்கிறது இன்றைய தீர்ப்பு. உறவினரை அழைத்துவர அரும்பாடுபட்ட அந்தத் தலைமுறை, சட்டத்தின் ‘பிறர்’ என்னும் சொல்லில் இவர்களுக்கும் ஓர் இடம் விட்டுச் சென்றிருக்கிறது.