கடல் வந்துபோன நாடு

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள வழுதாவூர் இன்று அலையோசை எட்டாத உள்நாட்டூர். ஆயினும் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சமுத்திரம் அவ்வூரைத் தன்னுள் அடக்கியிருந்தது என்பதற்கு அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளே சாட்சி. 1840-ஆம் ஆண்டை ஒட்டி கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் இப்பிராந்தியத்தில் திரட்டிய கல்லுருக்களில், சங்கு சிப்பிகளோடு சுறாக்களின் பற்களும் கிடைக்க, எகர்ட்டன் என்ற அறிஞர் அம்மீன்களை ஆராய்ந்து 1845-இல் கட்டுரை வெளியிட்டார். பின்னர்க் கடல் விலகியது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆற்று வண்டலில் புதைந்த மரங்கள் அதே வட்டாரத்துத் திருவக்கரையில் கல்லாகக் கிடக்கின்றன.

நமக்கு அண்மைய காலத்திலும் கரை ஓரிடத்தில் நின்றதில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் நீரில் ஒரு பகுதி பனியாய் உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகி நீர் ஏற ஏற, மீன்களின் வாசஸ்தலங்களும் படிப்படியாக மேற்கே நகர்ந்தன. அவற்றை நம்பி மனிதரும் கரையில் குடியேறினர். திண்டிவனத்தைச் சேர்ந்த கிடங்கிலிலிருந்து ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, அவனது எயிற்பட்டினத்து மீனவரான நுளையர் பாணர்க்குச் சுட்ட குழல்மீனை விருந்தளித்ததைக் கூறுகிறது. அப்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியது என்பது அறிஞர் பலரின் துணிபு.

அம்மரக்காணத்துக்கு அருகே, மழைக்காலத்தில் நன்னீராகவும் கோடையில் உவராகவும் மாறும் கழுவேலி ஏரி, இடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே கடலோடு உறவாடுகிறது. கடலில் பிறந்த மடவைக் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் அவ்வழியே உட்புகுந்து, ஆழங்குறைந்த நீரில் இரை தேடி வளர்ந்து, மீண்டும் கடலுக்கே திரும்புகின்றன. 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற இவ்வேரியைப் பறவைகளுக்காகவே பலரும் போற்றுகின்றனர். அப்பறவைகளிற் பலவற்றை அழைத்து வருவது மீன்களே என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

மீன்களின் நகர்வு இன்றும் ஓயவில்லை. 1980-களின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் மலபார்க் கரைக்கே உரியதாயிருந்த மத்தி, அதன்பின் தமிழகத்தின் கிழக்குக் கரை வலைகளிலும் திரளாக விழலாயிற்று. கடல்நீர் வெப்பமடைந்து வருவதே இதற்கு முக்கிய காரணம் என்று மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கருதுகின்றனர். முன்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்த இடப்பெயர்ச்சி, இப்போது ஒரு மீனவரின் ஆயுளுக்குள்ளேயே நிகழ்கிறது. மத்திக்கு விரிந்த கடல் உண்டு. விரும்பிய திசையில் செல்லலாம். மடவைக் குஞ்சுக்கோ, மழை பொய்த்துக் கழிமுகம் மணலால் தூர்ந்து, ஏரியின் உவர்ப்பும் மிகுந்துவிட்டால், இக்கரையில் மாற்றாகப் புக இன்னொரு கழுவேலி எளிதில் வாய்ப்பதில்லை.