கொடைக்கானல் சூரிய ஆய்வகம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள வானியல் ஆய்வகம் ஆகும். 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இது, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது.

வரலாறு

1876–1878 காலப்பகுதியில் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அக்காலத்தில் வலுப்பெற்றது. இதற்கெனத் தூசியற்ற, உயரமான இடம் ஒன்று தேடப்பட்டது. கெல்வின் பிரபு தலைமையிலான குழு 1893இல் கொடைக்கானலைத் தெரிவு செய்தது. சென்னை வான் ஆய்வகத்தின் பணிகள் படிப்படியாக இங்கு மாற்றப்பட்டன. 1901இல் அவதானிப்புகள் தொடங்கின. முதல் இயக்குநர் சார்லஸ் மிச்சி சிமித் ஆவார்.

எவர்செட் விளைவு

1909 சனவரியில் ஜான் எவர்செட் இங்கு சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். புள்ளியின் வெளிவிளிம்பில் நிறமாலைக் கோடுகள் இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். வளிமம் புள்ளியைச் சுற்றிச் சுழலாமல், மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இது காட்டியது. இந்நிகழ்வு எவர்செட் விளைவு என அழைக்கப்படுகின்றது.

கருவிகளும் பதிவுகளும்

1904 முதல் சூரியன் இங்கு ஒளிப்படமாகப் பதிவு செய்யப்பட்டு வந்துள்ளது. கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் இருந்த இப்பதிவுகள் பின்னர் எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டன. ஒரு சூரியச் சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டுகள் நீடிப்பதால், பல சுழற்சிகளை ஒப்பிட இத்தகைய நீண்ட தொடர்பதிவு இன்றியமையாதது. மழையை முன்கூட்டியே அறியும் எளிய வழி எதுவும் சூரியப் புள்ளிகளில் கிடைக்கவில்லை. எனினும், அந்நோக்கில் தொடங்கிய பதிவுகளே இவ்வாய்வகத்தின் பெருஞ்செல்வமாயின.

1960 அளவில் நிறுவப்பட்ட சுரங்கத் தொலைநோக்கியில், கோபுரத்தின் மேலுள்ள ஆடிகள் சூரிய ஒளியை 60 மீட்டர் நீளச் சுரங்கத்தினுள் செலுத்துகின்றன.

சென்றடைதல்

சமவெளியில் இருந்து வருவோர் வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலையில் ஏறுவர். அருகிலுள்ள தொடருந்து நிலையம் கொடைரோடு ஆகும். அங்கிருந்து நகரம் சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ளது. வழியில் காப்பித் தோட்டங்களும், நகரத்திற்குச் சுமார் 8 கி.மீ. முன்னர் வெள்ளி நீர்வீழ்ச்சியும் உள்ளன. ஆய்வகம் நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அப்பகுதியின் உயரமான இடத்தில் உள்ளது. இங்குள்ள அருங்காட்சியகத்தில், வானம் தெளிவாக இருக்கும்போது சூரியனின் நேரடிப் பிம்பத்தையும் நிறமாலையையும் காணலாம். பிற்பகலில் மூடுபனி சூழ்வது வழக்கம் என்பதால், காலை வேளையே இதற்கு உகந்தது.