பெண்களிடம் எச்.ஐ.வி. கண்டறிதலில் மருத்துவர் பங்கு: சென்னை முதல் நாமக்கல் வரை (1986–2018)

முன்னுரை

எச்.ஐ.வி. தொற்று பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கக்கூடியது. ஆகவே, யாரைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் கருதினாரோ அவரிடமே அது முதலில் கண்டறியப்பட்டது. தமிழகத்தில் அக்கருத்து மாறிவந்த முறையை, கொங்குப் பகுதியின் நாமக்கல்லையும் கருத்திற்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

காப்பகத்துப் பெண்கள்

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளரின் குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவர்களுள் பலர் காவல்துறையினரால் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தோர். 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தென்பட்டது. அமெரிக்காவில் நிகழ்ந்த மறுசோதனை அதனை உறுதிசெய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இதுவே முதன்முறை. அவ்வாண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். எனினும், எந்நோய்க்காகத் தம் குருதி எடுக்கப்பட்டது என்பது அப்பெண்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. மேலும், சோதிக்கப்பட்டவரே நோய்க்குரியவர் என்னும் எண்ணத்திற்கும் இத்தேர்வு இடமளித்தது.

மணமான பெண்கள்

சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைச் சென்னையில் நிறுவினார். அவரும் பங்கேற்று 2000இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுடைய 134 பெண்களுள் மிகப் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். ஒரே துணையுடன் வாழ்ந்தவர்கள். மணவாழ்வு காப்பு என்று கருதிய மருத்துவர் இவர்களைச் சோதிக்க எண்ணியிருக்க மாட்டார். இப்பெண்களின் குரலாக, 1998இல் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பி. கௌசல்யா லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லிலிருந்து வந்தவர்.

கருவுற்ற பெண்கள்

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, மகப்பேற்று மருத்துவமனைக்கு வரும் பெண்களிடையே தொற்று 1 விழுக்காட்டைத் தாண்டிய மாவட்டங்களை 'ஏ' வகையில் சேர்த்தது. நாமக்கல் அவற்றுள் ஒன்று. அரசு மருத்துவமனைகளின் 'நம்பிக்கை மைய'ங்கள் வழியாகக் கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் சோதனை வழங்கப்பட்டதால், நடத்தை பற்றிய ஐயம் சோதனைக்கு முன்நிபந்தனையாக இல்லாமற் போயிற்று. குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கவும் வழி பிறந்தது. ஆயினும், கணவருக்கு முன் மனைவி சோதிக்கப்படுவதால், முதலில் அறியப்பட்டவரே நோயைக் கொணர்ந்தவர் என்னும் பழி அவர்மீது விழும் இடரும் உண்டாயிற்று.

முடிவுரை

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், சோதனைக்கு முன் விளக்கமறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. காப்பகத்துப் பெண்களுக்கு 1986இல் கிட்டாத உரிமை இது. ஆகவே, கண்டறிதலில் மருத்துவரின் பங்கு குருதியைச் சோதிப்பதுடன் முடிவதில்லை. யாரையும் முன்முடிவால் ஒதுக்காமல் சோதனையை வழங்குவதும், ஒப்புதல் பெறுவதும், கணவரையும் சோதனைக்கு அழைத்துப் பழியைத் தவிர்ப்பதும் அப்பங்கினுள் அடங்கும்.